உள்ளூர்ப் பெயர்

பதினோரு தாள்கள். தாளுக்கு ஆறு ரூபாய்.
சேலம் நாலு ரோட்டுக்குப் பக்கத்தில்
ஒரு கல்லூரியின் பின்கட்டு அறை.
மின்விசிறி போடக் கூடாது, சருகு பறக்கும்.
கையுறை இல்லாமல் தொடக் கூடாது,
பூச்சி அரிக்காமலிருக்க அந்தக் காலத்தில்
பாதரச விஷம் பூசியிருக்கிறார்கள்.
நான் தட்டச்சு செய்பவள். செடி தெரியாது.

மூன்று மூன்றாய் இலை.
உறைமேல் பென்சிலில்: மலைக் குளோவர்.
லத்தீன் பெயரை மூன்று முறை மாற்றியிருக்கிறார்கள்.
பழைய சீட்டைக் கிழிப்பதில்லை, மேலேயே புதிதை ஒட்டுகிறார்கள்,
இரண்டாம் கல்யாணமும் ஆகிவிட்ட ஒருத்தியின்
ரேஷன் கார்டு மாதிரி.

1911. ஹாலிவெல், காப்பித் தோட்டம், 4,600 அடி.
"ஓடையோரம். என் ஆள் கொண்டுவந்தான்."
சேகரித்தவர் என்ற கட்டத்தில்
ஹாலிவெல் என்றுதான் அடிக்க வேண்டும்.
ஆளுக்குக் கட்டமில்லை.
வேரோடு எடுத்திருக்கிறான்,
ஒரு சல்லிவேர்கூட அறவில்லை.
இன்னும் செம்மண் ஒட்டியிருக்கிறது.

1938. கஸ்தூரிரங்கன். முத்து முத்தான எழுத்து.
"மலர் நீலம்."
தாளில் இருப்பதோ ஆறிப்போன டீயின் நிறம்.
நீலம் அந்தச் சொல்லில் மட்டும் மிச்சம்,
சொல் எழுதிய மையும் பழுப்பாகிவிட்டது.

அப்புறம் ஐந்து தாள், ஒரே நாள், ஒரே கை.
வேறு ஊர்களுக்கு அனுப்ப எடுத்தவை.
அனுப்பவில்லை.
ஒன்றின் சீட்டை ராமபாணம் தின்றுவிட்டது,
உயரம் மட்டும் விட்டுவைத்திருக்கிறது: 4,900.
ஏறத் தெரிந்த பூச்சி.

1964. சாரா பொன்னையா, மஞ்சக்குட்டைக்கு மேலே.
அழுத்திவைத்த செய்தித்தாளை யாரும் அகற்றவில்லை.
"காணவில்லை: மாநிறம், இடது புருவத்தில் தழும்பு,
பச்சைச் சட்டை, வயது"
வயதின்மேல் ஒரு இலை.
தூக்கிப் பார்த்தால் உடையும்.
பார்க்கவில்லை.

1971இல் ஒன்று, பூவில்லாமல்.
அப்புறம் 1987, தேதி தெரிந்தவற்றில் கடைசி.
"சாலையோரம் எங்கும் உள்ளது."
எங்கும் உள்ளதை யார் எடுத்துவைப்பார்கள்?
பையைத் தட்டி உதறிவிட்டு
இறங்கிப் போயிருப்பார்கள்.

*

ஞாயிறு, ஏற்காடு பஸ்.
பதினான்காம் கொண்டை ஊசியில் ஒரு குழந்தை வாந்தி எடுத்தது,
என் செருப்பிலும்.
நாகலூரில் இறங்கி நடந்தேன்.

சொகுசு விடுதியின் வேலியோரம் மூவிலை.
ஓடிப்போய்க் கிள்ளி வாயில் போட்டேன். புளிப்பு.
புளியாரை.
சவுக்குமரத்தடியில் மறுபடி. புளிப்பு.
பாக்சைட் தோண்டி விட்டுப்போன குழியின் விளிம்பில்,
மண்டியிட்டு. புளிப்பு.
நாலு மணிக்குப் பல் கூசியது.

காப்பிப்பழம் பறித்துக்கொண்டிருந்த இருசாயிக்கு
என் வயதுதான் இருக்கும்.
போனில் படத்தைக் காட்டினேன்.
விரலால் பெரிதாக்கி, இலையை விட்டுவிட்டு
வேரைப் பார்த்தாள்.
"யாரு புடுங்குனது? பதமாப் புடுங்கியிருக்கான்."

இதுக்குப் பேரு என்னங்க?

"பேரா? மாடு திங்கும்."

எங்க இருக்கு?

"மாடு எங்க இருக்கு இப்ப?"
சிரித்தபடி கூடையை நகர்த்திக்கொண்டு
அடுத்த செடிக்குப் போய்விட்டாள்.

*

தேடிப்போய்க் காணாமல் திரும்பியதற்குத் தாள் கிடையாது.
வெறும் அட்டையில் எதை ஒட்டுவது,
எந்தக் கட்டத்தில் என் பல்கூச்சத்தை அடிப்பது?

உள்ளூர்ப் பெயர் என்ற இடம்
பதினொன்றிலும் காலியாக இருந்தது.
பதினொன்றிலும் அடித்தேன்:
மாடு திங்கும்.

புதன்கிழமை சிவப்பில் திரும்பி வந்தது.
"இது பெயரல்ல. நீக்கவும்."

பத்தில் நீக்கினேன்.
செம்மண் ஒட்டிய தாளில் மட்டும்
அப்படியே விட்டேன்.

சம்பளத்தில் ஆறு ரூபாய் குறைந்தது.